மெழுகிய குழி

செத்துப்போனவர்களோடு வேலை செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர்கள் எதுவும் கேட்கமாட்டார்கள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக் கட்டடத்தின் பின்பக்கம், ஏசி ஓடாத ஒரு அறையில் உட்கார்ந்து, பழங்காலத்து அடுப்புக் கரியை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது என் தொழில். எந்த மரத்தை எரித்தார்கள், எந்த நெல்லைச் சமைத்தார்கள் என்று கரியை வைத்தே சொல்லிவிடலாம். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கரி அள்ளுறேன்" என்பேன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அதற்கு முந்தைய தலைமுறைக்கு நிலமும் நீச்சும் இருந்தன. படித்துப் படித்துக் கடைசியில் ஒருத்தி கரி அள்ளுகிறாளே என்று பெரியம்மாவுக்கு இன்னும் தீராத குறை.

நாங்கள் அகழாய்வு செய்த அந்த மேடு, பட்டுக்கோட்டையிலிருந்து வேதாரண்யம் போகிற சாலையை விட்டு உள்ளே, தென்னந்தோப்புகளைத் தாண்டி வயல்களுக்கு நடுவில் இருந்தது. மழை பெய்து ஓய்ந்தபின் நடந்தால் பானை ஓடு காலில் குத்தும். சுற்றிலும் வயல்கள் ஏரி மாதிரி நிறைந்து கிடக்கும்போதும் மேட்டின் உச்சி காய்ந்திருக்கும். ஆதிகாலத்தில் ஒருவன் அங்கே வந்து குடிசை போட்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எங்கள் பேராசிரியர் அதற்கு நதிக்கரை நாகரிகம், வணிகப் பெருவழி என்று பல காரணங்கள் வைத்திருந்தார்.

அதே காரணத்துக்காக இப்போதும் அங்கே ஒருத்தி குடியிருந்தாள். கோடியக்கரைப் பக்கம் கடலோரத்தில் வாழ்ந்தவள். புயலில் வீடு போயிற்று. அதற்கு அடுத்த வருஷம் கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. கடல் பக்கமே இனி திரும்பிப் பார்ப்பதில்லை என்று உள்ளே வந்து, மேட்டின் மேல் மண்சுவர் எழுப்பித் தகரம் போட்டு ஒரு வீடு கட்டிக்கொண்டாள். ஊர் ஊராகக் கூடையில் கருவாடு விற்றாள். பட்டா கிடையாது, இடம் புறம்போக்கு. அவளை நான் அக்கா என்றேன், அவள் என்னை மேடம் என்றாள். வயதில் என்னைவிடப் பத்து வருஷமாவது மூத்தவள்.

"தண்ணி ஏறாத எடத்துல இருந்து சாவணுங்க மேடம். வேற ஒண்ணும் ஆசை கெடையாது எனக்கு" என்று முதல் நாளே சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் எதையாவது சொல்வார்கள்.

மேட்டில் தண்ணீர் வந்தது அவள் வீட்டு வாசலில் இருந்த அடிபம்பில் மட்டும்தான். எனக்குத் தண்ணீர் வேண்டும். குழியில் தோண்டிய மண்ணை டிரம்மில் கொட்டிக் கலக்கினால், மண் அடியில் தங்கும், கரித்துண்டும் கருகிய நெல்லும் மேலே மிதக்கும். மிதப்பதை மெல்லிய துணியில் வடித்து, நிழலில் காயவைத்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோவேன். ஆகவே என் டிரம் அவள் வாசலில் நின்றது. கருவாடு விற்றுவிட்டு வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு நான் கலக்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் கருப்பட்டி போட்டு ஒரு டீ கொடுப்பாள். நன்றாக இருக்கும்.

பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகழாய்வுக்கு இயக்குநர் அவர்தான். உயரமானவர், வெள்ளைச் சட்டை, கண்ணில் எந்நேரமும் தண்ணீர். உடைந்த பானையின் வாய்விளிம்பைக் கையில் எடுத்தால் குரல் தழுதழுக்கும். "நம்ம பாட்டன் தொட்ட மண்ணும்மா இது" என்பார். நாள் முழுக்க வெயிலில் மண் சுமக்கும் பெண்களில் ஒருத்திக்கு மயக்கம் வந்தால், குடையை எடுத்துக்கொண்டு போய்க் குழிக்குப் பிடிப்பார். குழியில் நிழல் விழுந்தால் போட்டோ சரியாக வராது என்று அதையும் உடனே எடுத்துவிடுவார். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். அவர் கணக்கில் மனுஷனுக்கு இறந்தபின்தான் விலை.

சாயங்காலத்தில் அவருக்குப் பேச வேண்டும். ஊர்க்காரர்களைக் குழியைச் சுற்றி நிற்கவைத்துச் சொற்பொழிவு நடத்துவார். ஒரு நாள், கரியை வைத்து வயதைக் கணக்கிடும் கார்பன் டேட்டிங் பற்றிப் பேசினார். "இந்தக் கரிதான் நமக்கு சாட்சி. இன்னிக்கு எரிஞ்ச கரி ஒரு துண்டு உள்ள விழுந்துட்டா போதும், அத்தனையும் கெட்டுப்போயிரும். இது நேத்து எரிஞ்சதுன்னு ரிசல்ட் வந்துரும். அதனாலதான் குழிப் பக்கம் பீடி பிடிக்கக் கூடாதுன்னு சொல்றேன்." பீடி பிடிக்கிறவர்கள் தலையைச் சொறிந்தார்கள். கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளும் பின்வரிசையில் நின்றிருந்தாள்.

அந்த வாரம்தான் கிராம நிர்வாக அலுவலர் வந்து, மேடு பழசு என்று முடிவானால் அரசு மொத்தத்தையும் எடுத்து வேலி போடும், வீட்டைக் காலி பண்ண வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் டிரம் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இது பழசு இல்லைன்னு வந்துட்டா நீங்கள்ளாம் போயிருவீங்களா மேடம்?"

"போயிருவோம்கா. எங்களுக்கு இங்க என்ன வேலை?"

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை.

பொங்கல் வந்தது. எல்லாரும் ஊருக்குப் போனோம். குழியில் ஒரு மூலையில் சாம்பல் நிறைந்த பள்ளம் ஒன்று வெளிப்பட்டிருந்தது, பழைய அடுப்பாக இருக்கும் என்று எங்களுக்கு நம்பிக்கை. அதைத் தோண்டிய மாணவன் மேலே பிளாஸ்டிக் பாய் விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டுப் போனான். போனவன் காய்ச்சல் கண்டு ஊரிலேயே தங்கிவிட்டான்.

விடுமுறை முடிந்து பாயை எடுத்தால், அந்த மூலையில் வழவழவென்று ஒரு தரை. களிமண் அப்பி, சமன்படுத்தி, மேலே சாணிப்பால் பூசி மெழுகிய தரை. அரைவட்டம் அரைவட்டமாக விரல்தடம்கூட அழியாமல் இருந்தது. மற்றவர்கள், ஊருக்குப் போனவன்தான் கிளம்புமுன் இதை வெளிப்படுத்தியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். பேராசிரியர் முட்டி போட்டு உட்கார்ந்து, அந்த விரல்தடத்தின் மேல் தன் விரல்களை வைத்து அழுதார் என்று சொன்னார்கள். நான் அன்று தஞ்சாவூரில் இருந்தேன். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்துவிட்டது. மதியத்துக்குள் நிருபர்கள் வந்தார்கள். சங்க காலத்துப் பெண்ணின் கைவிரல் என்று மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது. என் பெரியம்மாகூட போன் பண்ணினாள், முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதையோடு.

தரையிலிருந்து ஒரு கட்டியும் அதன் அடியில் இருந்த கரியும் என் மேஜைக்கு வந்தன. கரியை உடைத்து, உடைந்த முகத்தை லென்சுக்கு அடியில் வைத்தேன். சவுக்கு.

இன்னொரு துண்டு. அதுவும் சவுக்கு. சவுக்கு இந்த மண்ணின் மரமே இல்லை. வெள்ளைக்காரன் ரயில் இன்ஜினுக்கு எரிக்க வேண்டும் என்று கடலோரத்தில் நட்டு வளர்த்தது. சங்க காலத்துப் பெண் சவுக்கு மிலாறைச் சுள்ளியாக வைத்துப் பொங்கியிருக்க முடியாது. தரைக்கட்டியைக் கரைத்துப் பார்த்தேன். சாணத்தில் வைக்கோல் துணுக்கு அழுகாமல் மஞ்சளாக இருந்தது. ஒரு ஓரத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டு பளபளத்தது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மேட்டு வீட்டு அக்கா தன் அடுப்புக் கரியை அள்ளிக் குழியில் போட்டிருக்கிறாள். மண் போட்டு மூடியிருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் நாங்கள் அந்தக் கரியையே அள்ளி டேட்டிங்குக்கு அனுப்பியிருப்போம், நேற்று எரிந்தது என்று வந்திருக்கும், மேடு வெறும் மேடாகப் போயிருக்கும். ஆனால் பொங்கல். அவள் வீடு மெழுகிக்கொண்டிருந்த நாள். கையில் சாணி வாளி. மண்ணைப் பூசித் தட்டி முடித்தவளுக்கு, பூசிய தரையை மெழுகாமல் விட்டுவர மனசு வரவில்லை. அந்த ஏசி ஓடாத அறையில் தனியாக உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளை நினைத்துக் கொஞ்சம், பேராசிரியர் விரலை நினைத்து ரொம்ப.

அடுத்த நாள் அவரிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பிற்பாடு கேட்டவர்கள் உண்டு. அவர்கள் எல்லாரும் வேறு வேலை பார்க்கிறவர்கள். சவுக்கைப் பார்த்துவிட்டுச் சவுக்கில்லை என்று எழுதுகிறவள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மறுபடி அப்படி ஒன்று வந்தாலும் சொல்வேன். அவர் முகம் போகும் போக்கைப் பார்க்கும் ஆசையும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

முகம் பார்க்கும்படிதான் இருந்தது. முதலில் என்னை நம்பவில்லை. பிறகு என்மேல் கோபப்பட்டார், சாம்பிள் மாறியிருக்கும் என்றார். பிறகு அமைதியாகிவிட்டார். அந்த அமைதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"யாரும்மா செஞ்சிருப்பா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்? நான் கரி பாக்குறவ."

அவர் எழுந்து குழிப் பக்கம் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். மேட்டில் ஒரே ஒரு வீடு. அதன் வாசலில் மெழுகிய தரையில் அதே அரைவட்டம், அதே விரல். போனை எடுத்து, பேப்பருக்குக் கொடுத்த போட்டோவை விரித்து, ஒரு தடவை அதைப் பார்த்தார், ஒரு தடவை வாசலைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அந்த வீட்டு வாசலை அவர் பார்த்தது அதுதான் முதல்முறை.

அவள் கூடையோடு வெளியே வந்தாள். எங்களைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நான்தாங்க" என்றாள். "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிருவாங்கன்னு பயந்துதான் கரியைப் போட்டேன். வேற எதையும் தொடலைங்க."

"மெழுகுனது எதுக்கும்மா?"

"பொங்கலும் அதுவுமா வெறும் மண்ணா எப்படிங்க விடறது?"

எனக்கு மறுபடி சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. ரொம்ப மரியாதையாக, "பரவாயில்லைம்மா, உக்காருங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இந்தக் குழி இனிமே ஒதவாது. எங்க கை வச்சிருக்காங்கன்னு தெரியாது. லேப் ஆளா நீங்க சொல்லுங்க, கலப்படமே இல்லாத மண்ணு இந்த மேட்டுல எங்க கிடைக்கும்?"

பதில் அவருக்குத் தெரியும். என் வாயால் கேட்க வேண்டும். சுவருக்குள்ளே, வருஷக்கணக்காக மேலே மேலே மெழுகி மூடிய தரைக்குக் கீழே இருக்கும் மண்ணில் மழைநீர் இறங்காது, வேர் போகாது, எலிகூட வளை தோண்டாது.

"வீட்டுக்கு அடியில" என்றேன்.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே நிஜமாகவே குழி பறித்தார்கள். தாசில்தார் ஆபீசிலிருந்து ஆள் வந்தது. மாற்று இடம் உண்டு என்றார்கள். வடிகால் வாய்க்காலை ஒட்டி, தரிசாகக் கிடந்த பள்ளத்தில் ஒரே மாதிரி வீடுகள் கட்டி வைத்திருந்தார்கள், அதில் ஒன்று. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அங்க தண்ணி ஏறுமாங்க?" ஏறாது என்றார் வந்தவர். ஐப்பசியில் அந்தப் பக்கம் வந்தே பார்க்காத மனுஷர்.

காலி பண்ணிய அன்று பேராசிரியர் ஒரு விழாவே நடத்திவிட்டார். ஊர்ப் பெரியவர்கள், இரண்டு நிருபர்கள், மைக். மண்ணைக் காத்த தாய் என்று பேசி, அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சரிகை போட்ட பச்சைப் பொன்னாடை. போர்த்தும்போது கண்ணில் வழக்கம்போல் தண்ணீர். என்னால் அந்தக் காட்சியைப் பொறுக்க முடியவில்லை. போட்டோ எடுத்து முடிந்ததும் அவள் பொன்னாடையை உருவி, சுருட்டிச் சும்மாடாக்கித் தலையில் வைத்து, அதன் மேல் பாத்திரக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். நிருபர்கள் அதைப் படம் எடுக்கவில்லை.

தகரத்தை இறக்கினார்கள். சுவரைச் சாய்த்தார்கள். அவள் அடுப்பு இருந்த இடத்தில் நூல் கட்டிக் கோடு போட்டுத் தோண்டினோம். அவள் மெழுகிய தரை அடுக்கடுக்காக வெங்காயத் தோல் மாதிரி உரிந்தது. அதன் கீழே வெறும் மண். அதற்கும் கீழே ஆழத்தில், பானை ஓடுகளும் கருகிய நெல்லும் கிடந்த ஒரு படிவத்தில், நிஜமான தரை கிடைத்தது. மூன்று களிமண் முட்டு வைத்த அடுப்பு, சுற்றிலும் மெழுகிய தரை. இந்தத் தடவை பேராசிரியர் விரலை வைக்கவில்லை. எட்ட நின்று, "முதல்ல நீங்க பாருங்கம்மா" என்றார்.

பார்த்தேன். கரியில் புளியமரம் இருந்தது, வேலமரம் இருந்தது, சவுக்கு ஒரு துண்டுகூட இல்லை. தரையை மெல்லிய சீவலாக அறுத்து லென்சில் வைத்தால், சாணமும் உமியும் கலந்து பூசிய பூச்சு ஏடு ஏடாகத் தெரிந்தது. யாரோ ஒருத்தி வருஷா வருஷம் மெழுகியிருக்கிறாள். கரியை அனுப்பி வாங்கிய காலக்கணிப்பும் எங்கள் எதிர்பார்ப்பைவிடப் பழசாக வந்தது. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் ஹல்வா வாங்கிக்கொண்டு போனேன். இதைச் சொன்னால் என்னைக் கல்நெஞ்சக்காரி என்பார்கள், சொல்லட்டும். இருபது வருஷமாகக் கரி அள்ளுகிறவளுக்கு அப்படி ஒரு தரை ஒரு தடவைதான் கிடைக்கும்.

அடுப்பைப் பாதுகாக்க வேண்டும் என்று அரசு உடனே இரும்புத்தூண் நட்டு, நல்ல கனமான தகரக்கூரை போட்டுக் கொடுத்தது. மேட்டைச் சுற்றி வேலி, ஒரு வாட்ச்மேன், அனுமதியின்றி நுழையக்கூடாது என்று பலகை. வேலை இவ்வளவு சுருக்காக நடந்து நான் பார்த்ததில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. தரை ஈரம் வாங்கி உப்பிவிட்டால் பூச்சு உரிந்து போகும் என்று, அதற்குள் இன்னொரு கட்டி வெட்டி எடுக்க ஒரு நாள் காலையில் தஞ்சாவூரிலிருந்து வந்தேன். கார் மேட்டடி வரை வரவில்லை. வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடந்தன. முழங்கால் தண்ணீரில் நடந்து ஏறினேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தான். கூரைக்குக் கீழே குழியில் இறங்கி உட்கார்ந்து, பிளாஸ்டிக் பாயை விலக்கி, கத்தியால் தரையின் ஓரத்தை மெதுவாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

வேலிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள்தான். தலையில் துணி மூட்டை, ஒரு கையில் அரிசிப் பானை. இடுப்பு வரை சேறு.

"வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சுங்க மேடம். கட்டிலுக்கு மேல ஏறிருச்சு. எங்க போறதுன்னு தெரியலை, கால் இங்க இழுத்துட்டு வந்துருச்சு. செத்த நேரம் நின்னுட்டுப் போறேங்க."

"வாங்கக்கா, உள்ள வாங்க" என்றேன்.

வந்து கூரையின் ஓரத்தில், அடுப்பு இருந்த குழியின் விளிம்பில் நின்றாள். மூட்டையை இறக்கிக் கீழே வைக்காமல் தன் பாதத்தின் மேல் வைத்துக்கொண்டாள், இடம் அழுக்காகிவிடும் என்று. தன் வீடு இருந்த இடத்தில் வெட்டிய பள்ளத்தையும் அடியில் தெரிந்த தரையையும் எட்டிப் பார்த்தாள்.

"இதுதானா?" என்றாள். "நல்லாத்தான் மெழுகியிருக்கா."

குளிரில் அவளுக்குப் பல் தந்தியடித்தது. என் ஃப்ளாஸ்கில் டீ இருந்தது, கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவள் புடவைத் தலைப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் சேர்ந்து, ஒரு கோடாக ஓடி, குழியின் விளிம்பைத் தாண்டித் தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. பூச்சின் ஓரம் கறுத்து ஊறத் தொடங்கிவிட்டது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் கூரை முடிந்துவிட்டிருந்தது. "சரிங்க மேடம்" என்று சொல்லி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். நான் கூப்பிடவில்லை. தரையில் இறங்கிய தண்ணீரை முதலில் ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது.